தேறிய தெரு

ஜூன் 9

சின்னவளுக்கு,

இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், உன் மாமாவின் முழங்காலைத் தவிர. உன் இருமல் நின்றதா? நிற்காவிட்டாலும் நின்றது என்றுதான் எழுதுவாய், உன்னை எனக்குத் தெரியாதா?

லாரி வந்துவிட்டது. உன் ஆபீசில் எத்தனை மேசை முன்னால் கைகட்டி நின்று அந்த விண்ணப்பத்தை நகர்த்தினாயோ, நீ நன்றாக இருக்க வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை எல்லாம் இறங்கின. மில்லை மூடியபோது மெஷின்களை ஏற்றிப் போக லாரிகள் வந்தன. அதற்குப் பிறகு இந்தத் தெருவுக்குள் லாரி நுழைந்தது இப்போதுதான். தெருவே வாசலில் நின்று பார்த்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சைக்கிள் கொட்டகையைப் பெரிய டீச்சர் ஒழித்துக் கொடுத்தார். மில் கேன்டீனில் பதினாறு வருஷம் கரண்டி பிடித்தவள் நான். அங்கே சும்மா கிடந்த இரண்டு அண்டாக்களைக் காவலாளியிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். பெண்கள் முறை போட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று பேர் காய் நறுக்கவும் தண்ணீர் தூக்கவும் தட்டு கழுவவும் வருகிறார்கள். வீட்டுக்கு ஒரு கட்டு விறகு. விறகு கொடுக்க வழியில்லாதவள் இரண்டு முறை தட்டு கழுவ வேண்டும். இந்தச் சட்டமெல்லாம் போட்டது மூலை வீட்டுக்காரி. அவள் வாய்க்குப் பயந்து பெரிய டீச்சரே ஒருநாள் தட்டு கழுவினார்.

அறுபத்திரண்டு பிள்ளைகள். பருப்பும் காயும் சேர்த்துக் குழைய வேகவைத்த சோறு, ஆளுக்கு ஒரு முட்டை. ஒரு வாண்டு இருக்கிறாள், ஏழு வயசு. சோற்றைத் தின்றுவிட்டு முட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு ஓடுகிறாள். பிடித்துக் கேட்டேன், "ஏண்டி, பசிக்கலையா உனக்கு?" "பசிக்குது பெரியம்மா. பாப்பாவுக்கும் பசிக்குமில்ல?" என்றாள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதாம். எறும்பு என்று பெயர் வைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து அவள் தட்டில் அரை முட்டை கூடுதலாக விழுகிறது. இதை உன் ஆபீசில் சொல்லிவைக்காதே.

லாரிக்காரர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவாராம். கடிதத்தை அவரிடமே கொடு. தபாலை நம்பினால் பன்னிரண்டு நாள் ஆகிறது.

அக்கா

ஜூன் 24

அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. (நீ சிரிப்பது தெரிகிறது.) மாமா காலுக்குச் சூடு வைத்துக்கொள்கிறாரா?

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று முறை படித்தேன். என் வேலை என்ன என்று கேட்டால், வெளியூர்களிலிருந்து வரும் கணக்குத் தாள்களைத் தட்டச்சு அடிப்பது. இத்தனை வருஷமாக அடித்த தாள்களில் இருப்பவர்கள் சோறு தின்கிறார்கள் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

இந்த லாரியில் எடை மெஷின் ஒன்று வருகிறது. மாதம் பிறந்ததும் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்தி எடை பார்த்து, தாளில் எழுதி அனுப்ப வேண்டும். காலையில், சாப்பாட்டுக்கு முன்னால். அக்கா, உள்ளதை உள்ளபடி எழுது. உன் குணம் எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

தங்கச்சி

ஜூலை 9

சின்னவளுக்கு,

சூடு வைக்கிறார், வைக்கும்போது போடும் சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர்கள் எழுந்துவிடுகிறார்கள். நீ சாப்பிடுகிறாயா, இல்லை டீயிலேயே காலத்தை ஓட்டுகிறாயா?

என் குணத்துக்கு என்ன குறைச்சல்? அப்பா வேலை இல்லாமல் இருந்த வருஷம் உனக்கு நினைவிருக்காது, நீ சின்னப்பிள்ளை. யாராவது வந்தால் நான் அடுப்பில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, உலை வைத்திருப்பதாகக் காட்டுவேன். வீட்டுக் குறையை ஊருக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆனாலும் நீ சொன்னபடியே எழுதியிருக்கிறேன். தாளைப் பார், உனக்கும் வயிறு எரியட்டும். எறும்பு பதினைந்தரைக் கிலோ. ஏழு வயசுக்கு அது எடையா? மெஷின் கெட்டுவிட்டதோ என்று நானே ஏறிப் பார்த்தேன். மெஷினில் கோளாறு இல்லை. என்னைத்தான் நிறையக் காட்டியது.

கொட்டகையில் இப்போது தினமும் சிரிப்புச் சத்தம். பிள்ளைகள் வராத நாளே இல்லை என்று பெரிய டீச்சர் சொல்கிறார்.

அக்கா

ஆகஸ்ட் 6

அக்காவுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். அங்கே வெயில் தணிந்ததா?

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இரண்டு மாதத் தாள்களையும் மேனேஜர் பார்த்தார். எடை நகரவில்லை. என்னைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் கேட்டார்: "உங்க அக்கா தெருதானே இது? மூட்டை மூட்டையா அனுப்புறோம். பிள்ளைங்க திங்குறாங்களா, இல்ல வேற யாராவது திங்குறாங்களா?"

திரும்பி வந்து தட்டச்சு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். அன்றைக்கு அடித்த தாளெல்லாம் பிழை. நீ மனசில் வைத்துக்கொள்ளாதே. ரொம்ப நாள் காய்ந்த உடம்பு தேறுவதற்கு நாள் பிடிக்கும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். அவருக்கு அது தெரியவில்லை.

தங்கச்சி

செப்டம்பர் 3

சின்னவளுக்கு,

வெயில் தணிந்துவிட்டது. எனக்குத்தான் தணியவில்லை. திங்கிறது யார் என்று கேட்டானா அந்த மனுஷன்? அண்டாவில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிக்கூட நான் வாயில் வைத்ததில்லை. உன்னை நிற்கவைத்துக் கேட்டானே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சரி, அது போகட்டும். தாளை அவன் மேசையில் நீயே கொண்டுபோய் வை. அறுபத்திரண்டு பிள்ளைகளும் ஏறியிருக்கிறார்கள். ஒரு பிள்ளைகூட இறங்கவில்லை. எறும்பு பதினேழு கிலோவைத் தாண்டிவிட்டாள்.

எடை பார்க்கிற நாளில் குழந்தைகளுக்குத் தண்ணீர் தாராளமாகக் கொடுக்கிறோம். வெயில் தணிந்தாலும் தாகம் தாகம்தானே. மூலை வீட்டுக்காரி பொறுப்பாகச் சொம்போடு நிற்கிறாள். உன் மாமா தன் சைக்கிள் கடையிலிருந்து நட்டு கொஞ்சம் கொடுத்தார். எதற்கு என்று கேட்காதே, தையல் வேலைக்கு. பிள்ளைகள் மெஷினில் ஏறும்போது அம்மாக்கள் சிரிக்கிற சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

இனி யாரும் உன்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள். தலையை நிமிர்த்திக்கொண்டு வேலைக்குப் போ.

அக்கா

செப்டம்பர் 19

அக்காவுக்கு,

இங்கே மழை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தாளைக் கொடுத்தேன். மேனேஜர் என்னை உட்காரச் சொன்னார். அவர் என்னை உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை.

அக்கா, இவ்வளவு வேகம் வேண்டாம். மெதுவாகவே ஏறட்டும். ஏறாவிட்டாலும் பரவாயில்லை. ஏன் என்று கேட்காதே, என்னால் எழுத முடியாது. லாரியில் போகும் கடிதங்களை இப்போது வாசலில் பிரித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். நான் சொல்கிறதை மட்டும் கேள்.

தங்கச்சி

அக்டோபர் 9

சின்னவளுக்கு,

மழையில் நனைந்துகொண்டு போகாதே, உன் மார்புச் சளிக்கு ஆகாது. இங்கே சந்தோஷத்தில் யாருக்கும் ஒரு வியாதியும் இல்லை.

வேகம் வேண்டாம் என்று நீ எழுதியதைப் படித்து உன் மாமாவும் நானும் சிரித்தோம். பரீட்சையில் முதல் மார்க் வாங்கினாலும் கண் பட்டுவிடும் என்று தாளை ஒளித்து வைத்தவள் நீ.

இப்போது கேள். உன் ஆபீசிலிருந்து முத்திரை குத்தின கடிதம் வந்திருக்கிறது: "தங்கள் தெரு தேறிய தெருக்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. வாழ்த்துகள்." பெரிய டீச்சர் மணி அடித்துப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து வாசித்துக் காட்டினார். "நம்ம தெரு பாஸாயிருச்சு" என்றதும் எல்லோரும் கை தட்டினார்கள். மூலை வீட்டுக்காரி அழுதாள். மில் மூடின அன்றைக்குக்கூட அழாதவள் அவள். நாங்கள் எதிலாவது தேறினோம் என்று யார் எங்களுக்குச் சொன்னார்கள்? அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக் கொட்டகையில் மாட்டிவிட்டோம்.

தேறிய தெருவுக்கு என்னென்ன கூடுதலாகத் தருவார்கள்? பால்மாவு கிடைக்குமா என்று கேட்டுப் பார். கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் கேட்கிறார்கள்.

அக்கா

நவம்பர் 10

சின்னவளுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. உடம்பு சரியில்லையா? இதைத் தபாலில் போடுகிறேன், ஏனென்றால் லாரி வரவில்லை. இரண்டு முறை தவறிவிட்டது.

இருந்ததை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். முதலில் முட்டை போயிற்று, அப்புறம் பருப்பு. தெருவில் ஆளுக்கு ஒரு கை அரிசி கேட்டோம். கொடுத்தவர்கள் வீட்டில் அன்றைக்கு ராத்திரி அடுப்பு எரியவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. போன புதன்கிழமை அண்டாவைக் கவிழ்த்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நீயே ஊகித்திருப்பாய். அந்த எடை எல்லாம் நிஜமில்லை. மெஷினில் ஏறும் முன்னால் ஆளுக்கு இரண்டு சொம்பு தண்ணீர் குடிக்க வைத்தோம். நட்டுகளை உடுப்பின் மடிப்புக்குள் வைத்துத் தைத்தோம். எல்லாம் என் யோசனை. அதைக் கண்டுபிடித்துவிட்டார்களா? அதற்குத் தண்டனையா இது? அப்படியானால் நானே வந்து அந்த மேனேஜர் காலில் விழுகிறேன். பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

அம்மாக்களிடம், பாலம் உடைந்துவிட்டது, லாரி சுற்றிக்கொண்டு வருகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். சீக்கிரம் எழுது.

அக்கா

நவம்பர் 22

அக்காவுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அதுதான் வெட்கமாக இருக்கிறது.

உன் தண்ணீரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. எல்லோரும் நம்பிவிட்டார்கள். இங்கே ஒரு விதி இருக்கிறது. பத்தில் எட்டுப் பிள்ளைகள் ஒரு எடைக் கோட்டைத் தாண்டினால் அந்தத் தெரு தேறிவிட்டது என்று எழுதி, லாரியை நிறுத்தி, இன்னும் மோசமான இடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். தேறியது என்றால் முடிந்தது என்று அர்த்தம். நான் அதை எத்தனையோ தெருக்களுக்கு அடித்திருக்கிறேன். உங்கள் தெருவுக்கும் நான்தான் அடித்தேன். வாழ்த்துகள் என்பதையும் நான்தான் அடித்தேன்.

கோடு இருப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். எங்கேயோ சில அம்மாக்கள் லாரி நிற்காமல் இருக்கப் பிள்ளைகளைப் பட்டினி போட்டார்களாம், அதனால். தபாலில் எழுதியிருக்கலாம், இல்லை ஒருநாள் லீவு போட்டு பஸ் ஏறி வந்து உன் காதில் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தேன். நீயும் எனக்கு எதையும் சொல்லவில்லை, நானும் உனக்குச் சொல்லவில்லை. உன் கடிதம் மேசையில் கிடந்தது, பதில் எழுத ஒரு மாதமாகக் கை வரவில்லை.

தங்கச்சி

டிசம்பர் 7

உன் கடிதம் வந்தது. நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாய். கண்ணாடி போட்டு மாட்டினோமடி அதை. இரண்டு நாள் உன் பெயரை எடுத்தாலே உன் மாமா மேல் எரிந்து விழுந்தேன். மூன்றாம் நாள், தண்ணீர் கொடுத்த கை யாருடையது என்று யோசித்தேன். அதற்குப் பிறகு உன்னைத் திட்ட வரவில்லை.

எறும்பை அனுப்பிவிட்டார்கள். வெளியூரில் ஒரு பெரிய வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற வேலையாம். ஏழு வயசுக்காரி. ஏன் அனுப்பினாய் என்று அவள் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். "அங்க மூணு வேளையும் சோறு போடுறாங்கக்கா. நீங்க போடுவீங்களா?" என்றாள். திரும்பி வந்துவிட்டேன். வகுப்பில் இன்னும் பதினொரு பேர் வருவதில்லை என்று பெரிய டீச்சர் சொன்னார்.

நீ மேனேஜரிடம் போ. என் அக்கா பொய் எழுதினாள் என்று சொல். என் மேல் என்ன பழி வேண்டுமானாலும் போடு, போலீசுக்குப் போனாலும் சரி. மறுபடி எடை பார்க்கச் சொல்.

அம்மாக்களிடம் இன்னும் சொல்லவில்லை. பாலத்தை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றே சொல்கிறேன். அவர்கள் பிள்ளைகளின் சோற்றை நான்தான் கெடுத்தேன் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. லாரி வந்த பிறகு சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா

டிசம்பர் 20

அக்காவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா? அதை மட்டும் முதலில் எழுது.

சொல்லிவிட்டேன். தண்ணீர், நட்டு, எல்லாவற்றையும். மேனேஜர் கத்தவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்ப இத்தனை நாளா நீங்க தெரிஞ்சே அடிச்சீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீ எழுதின பிறகுதான் எடை பொய் என்று உறுதியாகத் தெரிந்தது. ஆனால் செப்டம்பரிலேயே எனக்குச் சந்தேகம் இருந்தது.

ஜனவரி இரண்டாம் தேதி இரண்டு பேரை மெஷினோடு அனுப்புகிறார். சொல்லாமல் வருவார்கள். அவர்கள் எடுக்கிற எடை கோட்டுக்குக் கீழே இருந்தால் அடுத்த வாரமே லாரி கிளம்பும். இல்லாவிட்டால் புகாரே பொய் என்று எழுதிவிடுவார்கள். அதுவரை என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

நான் இதை உனக்குச் சொல்லக்கூடாது. இந்தத் தடவை சொல்கிறேன். நீ ஒன்றும் செய்யாதே, அது போதும். தண்ணீர் வேண்டாம். உடுப்பில் இருப்பதைப் பிரித்துவிடு. பிள்ளைகளை இருக்கிறபடியே ஏற்று. பன்னிரண்டு நாளில் கடிதம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டு இன்றே போடுகிறேன்.

எல்லாம் சரியானதும் ஒருமுறை வருகிறேன். இத்தனை நாள் தாளில் பார்த்த பிள்ளைகளை நேரில் பார்க்க வேண்டும்.

தங்கச்சி

ஜனவரி 14

சின்னவளுக்கு,

சாப்பிடுகிறேன். நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் ஆறாம் தேதி வந்தது. வருஷக் கடைசியில் தபால்காரர் லீவாம்.

இரண்டாம் தேதி நான் ஊரில் இல்லை. எறும்பைக் கூட்டி வரலாம் என்று விடிவதற்கு முன்பே பஸ் ஏறினேன். பெரிய கேட். வெகுநேரம் நின்ற பிறகு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளைவிடக் குழந்தை கனம். "வாடி, நம்ம வீட்டுக்குப் போலாம்" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "கொட்டகையில அடுப்பு பத்த வச்சாச்சா பெரியம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூடவே வந்திருப்பாள். மெஷினிடம் அத்தனை பொய் சொன்னவளுக்கு அந்தப் பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை. இன்னும் இல்லைடி என்றேன். "அப்ப நான் அப்புறம் வரேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

தெருவுக்குத் திரும்பும்போது சாயங்காலம். முனையிலேயே மூலை வீட்டுக்காரி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ நாள் கழித்து அவள் முகத்தில் சிரிப்பு. "ஆபீஸ்லேருந்து மெஷினோட வந்தாங்க. நீ இல்லையேன்னு ஒரு நிமிஷம் கதிகலங்கிருச்சு. அப்புறம் நாங்களே பாத்துக்கிட்டோம். பேரு எழுதிட்டிருக்கும்போதே பின்பக்கமா பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயி ஆளுக்கு மூணு சொம்பு குடுத்தோம். எடை பத்தலைன்னுதான லாரி நின்னுருக்கும், இந்தத் தடவை விட்டுருவோமா? உன் மானத்தைக் காப்பாத்திட்டோம்" என்றாள்.

ஒரு பிள்ளை வரிசையிலேயே வாந்தி எடுத்ததாம். அதற்கும் திரும்பக் குடிக்கவைத்து ஏற்றினார்களாம். வந்தவர்கள் தாளின் நகலைப் பெரிய டீச்சரிடம் விட்டுப் போயிருக்கிறார்கள். அறுபத்திரண்டில் நாற்பத்தொன்பது பேர்தான் மிச்சம். அதில் நாற்பத்திரண்டு பேர் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். கீழே "புகாரில் உண்மை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. உன் வேலையும் போயிருக்கும். அதை நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று ராத்திரியே எல்லோரையும் கொட்டகையில் கூட்டி எல்லாவற்றையும் சொன்னேன். உன் விதியையும் சொன்னேன், என் தண்ணீரையும் சொன்னேன். யாராவது அடிப்பார்கள் என்று நினைத்தேன். மூலை வீட்டுக்காரி, "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்று மட்டும் கேட்டாள். பிறகு எழுந்து போனார்கள். சிலர் நம்பினார்கள், சிலர் நம்பவில்லை. தேறிவிட்டது என்று வாழ்த்து எழுதிவிட்டு யாராவது சோற்றை நிறுத்துவார்களா என்று கேட்கிறவர்களிடம் நான் என்ன சொல்வது?

நேற்று மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் கையில் பையோடு தெருவுக்குள் வந்தார். அவர் டீச்சர் வீட்டுக்கு வழி கேட்பதற்குள் இரண்டு வீட்டில் பிள்ளைகளின் வாயில் சொம்பை வைத்துவிட்டார்கள். நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

வருகிறேன் என்று எழுதியிருந்தாய். உன்னைப் பார்த்து ஐந்து வருஷம் ஆகிறது. வராதே. வெளியூர் முகம் ஒன்று தெருவுக்குள் வந்தால் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்துவிடுவார்கள்.

அக்கா